லோகோ மங்கல், ஐகான் மாயம், கனத்த பக்கம்: அறிகுறியைப் பார்த்துப் பட வடிவத்தைச் சரிசெய்ய

இணையதளத்தில் ஒரு படம் சரியாகத் தெரியவில்லை என்றால், பலரும் உடனே அதை ஒரு கன்வர்ட்டரில் போட்டு வேறு வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கில் ஒருமுறை போன விவரம், அதை பிஎன்ஜி ஆக்கினால் திரும்பி வராது. அழுக்கு அப்படியே இருக்கும், கோப்பின் எடை மட்டும் ஏறும். பெரும்பாலான கோளாறுகளில் வடிவத்தின் மேல் குற்றம் இருக்காது. தவறான மூலக்கோப்பிலிருந்து வேலை தொடங்கியிருக்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று சோதனை

கோப்பின் பெயரை நம்பாதீர்கள். கடைசியில் உள்ள வால் பெயரை மாற்றினால் வடிவம் மாறிவிடாது. கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். பிஎன்ஜி என்றால் தொடக்கத்திலேயே அந்த மூன்று ஆங்கில எழுத்துகள் தெரியும். ஜிஃப் என்றால் ஜிஐஎஃப் என்றும் 89ஏ அல்லது 87ஏ என்றும் இருக்கும். ஜேபெக்கில் ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்ற சொல் தட்டுப்படும். வெப்பி கோப்பு ஆர்ஐஎஃப்எஃப் என்று தொடங்கும். எஸ்விஜி மட்டும், அதாவது படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக விவரிக்கும் வெக்டர் வடிவம், முழுக்கப் படிக்கக்கூடிய உரையாக இருக்கும்.

உண்மை அளவையும் காட்டும் அளவையும் ஒப்பிடுங்கள். குரோமில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் தட்டுங்கள். குறிநிரலில் படத்தின் முகவரி மேல் சுட்டியை வைத்தால் இரண்டு அளவுகள் வரும்: பக்கத்தில் காட்டும் அளவு, கோப்பின் சொந்த அளவு. பாதிக் கேள்விக்கு இந்த இரண்டு எண்களே விடை சொல்லிவிடும்.

கோப்பு உங்களிடம் எந்த வழியாக வந்தது? வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பிய பிஎன்ஜி, ஜேபெக்காக மாறி, அளவும் குறைந்து, ஒளிபுகும் பின்னணியை இழந்துதான் வந்து சேரும். அதே லோகோவை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சல் இணைப்பாகக் கேளுங்கள். இந்த ஒரு வேண்டுகோளிலேயே தீர்ந்துவிடும் கோளாறுகள் ஏராளம்.

## அறிகுறி: லோகோவோ ஐகானோ மங்கலாக இருக்கிறது

### எல்லாத் திரையிலும் மங்கல்

கோப்பு சிறியது, பக்கம் அதை இழுத்துக் காட்டுகிறது. 120 பிக்சல் அகலக் கோப்பை 240 பிக்சலில் காட்டினால் இப்படித்தான் ஆகும். எஸ்விஜி மூலம் இருந்தால் அதைப் போடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் பெரிய பிஎன்ஜி கேளுங்கள். சிறிய கோப்பை மென்பொருளில் பெரிதாக்கிச் சேமிப்பதால் பயனில்லை.

### கணினியில் தெளிவு, கைபேசியில் மட்டும் மங்கல்

கைபேசித் திரைகள் ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்கு (பக்க வடிவமைப்பில் எழுதும் பிக்சல்) நீளத்தில் 2 அல்லது 3 உண்மைப் பிக்சல்களைச் செலவிடுகின்றன. 24 பிக்சலில் தெரியவேண்டிய ஐகானுக்கு 48 மற்றும் 72 பிக்சல் கோப்புகள் தேவை. படக் குறியில் (இமேஜ் டேக்) பல அளவுகளைப் பட்டியலிடும் எஸ்ஆர்சிசெட் வழியாக மூன்றையும் கொடுக்கலாம். ஐகானுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், எஸ்விஜி ஒன்றே போதும்.

### எஸ்விஜிதான், ஆனாலும் கோடுகள் மங்கல்

1 பிக்சல் தடிமனுள்ள கோடு முழு எண் இடத்தில் நின்றால், அதன் பாதி ஒரு பிக்சலிலும் மறுபாதி அடுத்த பிக்சலிலும் விழும். கருங்கோடு இரண்டு சாம்பல் கோடுகளாகத் தெரிவது இதனால்தான். கோட்டை 0.5 நகர்த்துங்கள், அல்லது தடிமனை 2 ஆக்குங்கள். 24 கட்டத்தில் வரைந்த ஐகானை 20 அல்லது 22 பிக்சலில் காட்டினாலும் இதே சங்கடம் வரும். 24, 48 என்று வரைந்த அளவிலோ அதன் முழு மடங்கிலோ காட்டுங்கள்.

### ஏற்றியது நல்ல கோப்பு, தளத்தில் தெரிவது மட்டமான கோப்பு

நடுவில் யாரோ அதை மாற்றுகிறார்கள். வேர்ட்பிரஸ், தான் உருவாக்கும் சிறிய ஜேபெக் நகல்களை 82 தரத்தில் அமுக்கும். 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தைச் சுருக்கி, அந்த நகலையே காட்டும். தளத்தின் கோப்புகளை வாசகருக்கு இடையில் நின்று அனுப்பும் சிடிஎன் சேவைகளும் பட ஆப்டிமைசர் செருகுநிரல்களும் பிஎன்ஜியைச் சொல்லாமலே இழப்புள்ள வெப்பியாக்கி அனுப்புவதுண்டு. எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியில் அந்தப் படத்தின் வகை என்னவென்று பாருங்கள். நீங்கள் ஏற்றிய வகையிலிருந்து அது வேறுபட்டால், லோகோக்கள் இருக்கும் கோப்புறையை ஆப்டிமைசரிலிருந்து விலக்குங்கள்.

## அறிகுறி: எழுத்தைச் சுற்றி அழுக்கு, சிவப்பு எழுத்து கசிகிறது

ஜேபெக்கின் கைவரிசை இது. அது படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டி அமுக்குகிறது. கூரான விளிம்பு வரும் கட்டத்தில் கொசு மொய்த்ததுபோலப் புள்ளிகள் தங்கிவிடும். புகைப்படத்தில் கண்ணில் படாத இந்தக் குறை, வெள்ளைப் பின்னணியில் எழுதிய எழுத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

மூலக்கோப்பு கையில் இருந்தால் எஸ்விஜியாகவோ பிஎன்ஜியாகவோ புதிதாக எடுங்கள். திரைப்பிடிப்பு, வரைபடம், அட்டவணை, விலைப்பட்டியல் எல்லாவற்றுக்கும் பிஎன்ஜி, அல்லது இழப்பற்ற வெப்பி.

சிவப்போ நீலமோ எழுத்து மட்டும் கசிந்தால் காரணம் வேறு. ஜேபெக் வழக்கமாக நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத் தகவலைத்தான் வைக்கிறது. தரத்தை 95க்கு ஏற்றினாலும் இது தொடரலாம். கிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது மேம்பட்ட விருப்பங்களில் சப்சாம்ப்ளிங் என்பதை 4:4:4 ஆக, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறத் தகவலாக வையுங்கள். இழப்புள்ள வெப்பியில் இந்த வசதியே கிடையாது, அது எப்போதும் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல் என்ற 4:2:0தான். சிவப்பு எழுத்துள்ள பேனரை வெப்பியாக்கி ஏமாறுவது இங்கேதான்.

மூலமே ஜேபெக்தான், வேறு எதுவும் இல்லை என்றால் வடிவ மாற்றம் எதுவும் கைகொடுக்காது. லோகோவை வெக்டராக மறுபடி வரைய ஒரு டிசைனரிடம் கொடுங்கள். தானியங்கி ட்ரேஸ் கருவியில் போட்டால் ஜேபெக்கின் அழுக்கும் சேர்ந்து வளைகோடுகளாகிவிடும்.

## அறிகுறி: ஒளிபுக வேண்டிய பின்னணியில் வேறு ஏதோ

வெள்ளைப் பெட்டி. ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை இல்லை. பிஎன்ஜி, வெப்பி, எஸ்விஜி மூன்றிலும் உண்டு.

சதுரங்கக் கட்டம். தேடல் பக்கத்திலிருந்து இறக்கிய படமா? கட்டம் படத்திலேயே வரையப்பட்டிருக்கிறது. அழித்துக்கொண்டு உட்காராதீர்கள், உரியவரிடம் மூலத்தைக் கேளுங்கள்.

கருநிறத் தளத்தில் வெள்ளை விளிம்பு. ஜிஃப்பில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும், அல்லது முழுதாக மறையும். பாதி ஒளிபுகுதல் அதற்குத் தெரியாது. அதனால் வளைவின் ஓரம் வெள்ளையோடு கலந்த நிறத்திலேயே உறைந்துவிடுகிறது. பிஎன்ஜியிலும் இப்படி இருந்தால், வெள்ளைப் பின்னணி ஜேபெக்கிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். தற்காலிகமாக விளிம்பை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கலாம். நிரந்தரத் தீர்வு, மூல அடுக்குகளிலிருந்து பின்னணி இல்லாமல் ஏற்றுமதி செய்வது.

ஐஃபோன் முகப்பில் கறுப்புக் கட்டம். ஆப்பிள் டச் ஐகானில் ஒளிபுகும் இடத்தை ஐஓஎஸ் கறுப்பால் நிரப்பும். 180×180 பிக்சல் பிஎன்ஜியை, பின்னணி நிறம் நிரப்பி, மூலைகளை வட்டமாக்காமல் கொடுங்கள்.

## அறிகுறி: லோகோவில் உள்ள தமிழ் எழுத்து சிதறுகிறது

இதற்கு நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். டிசைனரின் கணினியில் அழகாக நிற்கும் பெயர், வாசகரின் கைபேசியில் உடைந்து கிடக்கும். அந்தத் தவறு அவர் கண்ணுக்குக் கடைசிவரை தெரியாது. எப்படி உடைந்திருக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிரித்துவிடலாம்.

### ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வருகிறது

பாமினி போன்ற யுனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் அந்த ஆங்கில எழுத்துகளே வெளியே வரும். அச்சகத்திலிருந்து வரும் கோரல்டிரா கோப்புகளில் இது சகஜம்.

அந்த எழுத்துரு உள்ள கணினியிலேயே எழுத்தை வளைகோடாக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக்கி, அனுப்பச் சொல்லுங்கள். கோரல்டிராவில் எழுத்தைத் தேர்ந்து கண்ட்ரோல்+கியூ. இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட்+கண்ட்ரோல்+ஓ. இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட்+கண்ட்ரோல்+சி. இதற்குமுன் ஒரு நகலை எழுத்தாகவே சேமித்து வைக்கவேண்டும். வளைகோடான பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது.

எழுத்தை யுனிகோடுக்கு மாற்றி வேறு எழுத்துருவில் அமைக்கலாமே என்று தோன்றும். படிக்க முடியும்தான், ஆனால் எழுத்தின் உருவம் மாறிவிடும். லோகோவில் அதை உரிமையாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

### வேறு எழுத்துரு வருகிறது, அல்லது கட்டம் கட்டமாக வருகிறது

எஸ்விஜிக்குள் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. கோப்பை நோட்பேடில் திறந்து டெக்ஸ்ட் என்ற குறி இருக்கிறதா என்று தேடுங்கள். படக் குறிக்குள் வைத்த எஸ்விஜி, வெளியிலிருந்து எழுத்துருவை இறக்காது. பக்கம் அதே வலை எழுத்துருவை ஏற்கெனவே இறக்கியிருந்தாலும் படத்துக்கு அது எட்டாது. இதற்கும் வளைகோடாக்குவதே வழி.

### கொம்பு இடம் மாறி நிற்கிறது, புள்ளிவட்டம் தெரிகிறது

‘கொ’ என்பது கணினியில் மெய்யாகவும் அதையடுத்து ஒரு குறியாகவும் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் எழுத்தமைப்பு இயந்திரம். அது வேலை செய்யாதபோது குறிகள் சிதறும். இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்பில் மத்திய கிழக்கு மற்றும் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். போட்டோஷாப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட். பிறகு கௌ, கொ, ணை, டு, ஸ்ரீ, க்ஷ என்று அடித்து ஒருமுறை சரிபாருங்கள். இவை சரியாக வந்தால் மற்றவையும் வரும்.

வரிசை முக்கியம்: முதலில் அமைப்பைச் சரிசெய்து, பிறகுதான் வளைகோடு. சிதறிய நிலையில் வளைகோடாக்கினால் சிதறலே நிரந்தரமாகிவிடும்.

### வளைகோடாக்கிய பின் எழுத்து சேரும் இடத்தில் வெள்ளைப் பொட்டு

இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் ஓட்டையாகிவிட்டது. இங்க்ஸ்கேப்பில் பாத் மெனுவில் யூனியன், இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரில் யுனைட். சேர்த்த பிறகு ண, ஐ, ஜ போன்ற எழுத்துகளின் உள்வட்டம் அடைபட்டுப் போகவில்லையே என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

வளைகோடான எழுத்தைப் பார்வையற்றோரின் திரைவாசிப்பான் படிக்காது. மாற்று உரையில் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் வேலை முடியவில்லை என்றே பொருள்.

இவ்வளவு செய்தும் சரிவரவில்லை, எழுத்துரு யாரிடமும் இல்லை என்றால் தமிழ் எழுத்து வரைபவர் ஒருவரிடம் கொடுத்து மறுபடி வரைய வேண்டியதுதான். அதற்குக் குறுக்குவழி இல்லை.

## அறிகுறி: எஸ்விஜி தெரியவே இல்லை

முதலில் அதன் முகவரியைத் தனித் தாவலில் திறந்து பாருங்கள்.

### கோப்பு கிடைக்கவில்லை, 404

பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இருக்கலாம். விண்டோஸ் கணினியில் இரண்டும் ஒன்று, லினக்ஸ் வழங்கியில் (சர்வரில்) வேறு வேறு. எல்லாக் கோப்புப் பெயர்களையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

### மரம்போலக் குறிகள் தெரிகின்றன, அல்லது பிழைச்செய்தி வருகிறது

இது எஸ்விஜி என்று உலாவிக்குச் சொல்லும் எக்ஸ்எம்எல்என்எஸ் பண்பு விடுபட்டிருக்கிறது. பக்கத்துக்குள் நேரடியாக ஒட்டும்போது அது இல்லாமலும் ஓடும், தனிக்கோப்பானதும் ஓடாது. பிழைச்செய்தியில் வரி எண் கொடுத்திருந்தால் அந்த வரியில் மூடாத குறியோ, தனியாக நிற்கும் ஆம்பர்சண்ட் (&) குறியோ இருக்கும்.

### உரையாக வருகிறது, அல்லது இறங்கத் தொடங்குகிறது

வழங்கி தவறான வகையைச் சொல்லி அனுப்புகிறது. வகை இமேஜ்/எஸ்விஜி+எக்ஸ்எம்எல் என்று இருக்கவேண்டும். நெட்வொர்க் பகுதியில் கன்டென்ட்-டைப் வரியைப் பாருங்கள். அப்பாச்சியில் ஒரு ஆட்டைப் வரி போதும், என்ஜின்எக்ஸில் மைம் டைப்ஸ் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வழங்கி அமைப்பு உங்கள் கையில் இல்லையென்றால், தெரியாமல் தொட்டுப்பார்க்க வேண்டாம். ஹோஸ்டிங் உதவிப் பிரிவுக்கு இந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கள்.

### தனியாகத் தெரிகிறது, பக்கத்தில் இல்லை

அகலமும் உயரமும் குறிப்பிடாத எஸ்விஜி சில அமைப்புகளில் பூஜ்ஜியமாகச் சுருங்கும், சிலவற்றில் பக்கம் முழுக்க விரியும். அளவைக் கொடுங்கள். நேரடியாக ஒட்டிய எஸ்விஜி சுருங்காமல் ஓரம் வெட்டுப்பட்டால், வரைபரப்பின் எல்லையைச் சொல்லும் வியூபாக்ஸ் காணாமல் போயிருக்கும். எஸ்விஜியைச் சுருக்கும் எஸ்விஜிஓ கருவியின் 4ஆம் பதிப்புக்கு முந்தையவை அதை இயல்பாகவே நீக்கிவிடும்.

### வேர்ட்பிரஸ் ஏற்றவே விடவில்லை

எஸ்விஜிக்குள் ஸ்கிரிப்ட் ஒளிந்திருக்க முடியும் என்பதால் இந்தத் தடை. உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்துவிட்டு ஏற்றும் செருகுநிரலைப் பயன்படுத்துங்கள். தடையை மட்டும் நீக்கும் குறிநிரலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டாதீர்கள்.

## அறிகுறி: ஒரு ஐகானின் நிறம் இன்னொன்றுக்குப் போகிறது

பல எஸ்விஜிகளை ஒரே பக்கத்தில் நேரடியாக ஒட்டும்போது மட்டும் வரும் கோளாறு. சுருக்கும் கருவி ஒவ்வொரு கோப்பிலும் ஐடிக்களை ஏ, பி என்று ஓரெழுத்தாக்குகிறது. பக்கத்தில் ‘ஏ’ என்ற ஐடி பத்து இருந்தால், உலாவி முதலில் வருவதையே எடுத்துக்கொள்ளும். அந்த முதல் ஐகானை மறைத்தால் மற்றவற்றின் கிரேடியன்ட்டும் சேர்ந்து மறையலாம். எஸ்விஜிஓவில் ஐடிக்களுக்கு முன்னொட்டு சேர்க்கும் செருகுநிரலை இயக்குங்கள், பெயர் ப்ரிஃபிக்ஸ்ஐடிஸ்.

மேலே சுட்டியை வைத்தால் ஐகான் நிறம் மாறவேண்டும், மாறவில்லை என்றால் அது படக் குறிக்குள் இருக்கிறது. பக்கத்தின் சிஎஸ்எஸ் உள்ளே போகாது. நேரடியாக ஒட்டி, நிரப்பு நிறத்தை கரன்ட்கலர் என்று வையுங்கள்.

## அறிகுறி: ஃபேவிகான் மாறவில்லை, அல்லது குழம்பிக் கிடக்கிறது

பழையதே வருகிறதா? தாவலில் தெரியும் சிறு ஐகானான ஃபேவிகானை உலாவி தனியாகப் பிடித்து வைத்திருக்கும். தனிமைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே சரியென்றால் முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் ஒரு பதிப்பெண்ணும் சேர்த்து விடுங்கள். கூகுள் தேடல் முடிவில் மாற நாட்களோ வாரங்களோ ஆகும், அதற்காகக் கோப்பைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டாம்.

பிஎன்ஜியின் பெயரை ஐகோ என்று மாற்றியிருந்தால் சில இடங்களில் தெரியும், சில இடங்களில் தெரியாது. ஐகோ என்பது பல அளவுகளை ஒன்றாக வைக்கும் பெட்டி. 16, 32, 48 மூன்றையும் உள்ளே வைத்துத் தளத்தின் வேர்க் கோப்புறையில் போடுங்கள். ஆண்ட்ராய்டு முகப்புக்கு 192, 512 பிக்சல் பிஎன்ஜிகள். மாஸ்கபிள் என்று குறித்தால் வடிவம் முழுவதும் நடுவில் 80 விழுக்காடு விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கவேண்டும், மீதியை ஃபோன் வெட்டிவிடலாம்.

16 பிக்சலில் முழு லோகோவும் அப்பிப்போனால் வடிவத்தை மாற்றிப் பலனில்லை. அதற்கென்று ஒரே எழுத்தை எடுத்துத் தடித்த கோட்டில் தனியாக வரையுங்கள். ண, ஜ இரண்டும் அந்த அளவில் அடைத்துக்கொள்ளும், ட, ப நன்றாக நிற்கும்.

## அறிகுறி: பக்கம் கனத்து, மெதுவாகத் திறக்கிறது

நெட்வொர்க் பகுதியில் படங்களை மட்டும் வடிகட்டி, எடை வரிசையில் அடுக்குங்கள். முதல் மூன்றைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும். மாத டேட்டாவை எண்ணிச் செலவிடும் வாசகருக்கு இது நேரடிச் செலவு.

- 4000 பிக்சல் படத்தை 400 பிக்சலில் காட்டுகிறீர்களா? முதலில் அளவைக் குறையுங்கள். வேறெதுவும் இவ்வளவு மிச்சப்படுத்தாது. கைபேசித் திரையையும் கணக்கில் கொண்டால் 800 பிக்சல் போதும்.
- புகைப்படம் பிஎன்ஜியில் இருக்கிறதா? 75 முதல் 80 தர ஜேபெக்கோ வெப்பியோ ஆக்குங்கள். எம்பி கணக்கில் இருந்தது கேபி கணக்குக்கு வரும்.
- பிஎன்ஜியாகவே இருக்கவேண்டிய படம் கனக்கிறதா? பிஎன்ஜிகுவான்ட் 256 நிறமாக்கும், எடை பெரும்பாலும் பாதிக்கும் கீழே போகும். கிரேடியன்ட் வரி வரியாகப் பிரிந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.
- எஸ்விஜியே 500 கேபியா? உரையில் பேஸ்64 என்று தேடுங்கள். ஒரு பிஎன்ஜியை உள்ளே திணித்து எஸ்விஜி என்று பெயர் கொடுத்திருப்பார்கள். மூலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை கூடியிருக்கும், வெக்டரின் பயன் எதுவும் இருக்காது.
- அசையும் ஜிஃப்பா? ஒலியில்லா எம்பி4 ஆக்குங்கள். மியூட்டட், லூப், ஆட்டோபிளே, பிளேஸ்இன்லைன் நான்கும் இருக்கவேண்டும். கடைசி ஒன்று இல்லாவிட்டால் ஐஃபோனில் முழுத்திரைக்குப் போய்விடும்.

புதிய பட வடிவமான ஏவிஃப், வெப்பி, ஜேபெக் மூன்றையும் பிக்சர் குறிக்குள் கொடுத்தால் அதே வரிசையில் கொடுங்கள். உலாவி தனக்குத் தெரிந்த முதல் வடிவத்தை எடுத்துக்கொண்டு நின்றுவிடும்.

## அறிகுறி: நிறம் மாறித் தெரிகிறது

அச்சகக் கோப்பு என்றால் அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையா என்று பாருங்கள், திரைக்கான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். ஐஃபோன் புகைப்படம் வெளிறினால், அது டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் எடுத்தது. மெட்டாடேட்டாவை நீக்கும்போது நிறக்குறிப்பும் போய்விட்டது. முதலில் எஸ்ஆர்ஜிபியாக மாற்றி, பிறகு நீக்குங்கள். படம் பக்கவாட்டில் சாய்ந்தாலும் இதே கதைதான், சுழற்சிக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கும்.

பேனரின் ஓரம் பக்கத்தின் பின்னணி நிறத்தோடு சேரவில்லை என்றால் ஜேபெக் அந்த நிறத்தை ஓரிரு எண் நகர்த்தியிருக்கும். அந்த இடத்தை ஒளிபுகவிட்டு பிஎன்ஜியாகக் கொடுங்கள்.

## அறிகுறி: தளத்தில் சரி, வாட்ஸ்அப் முன்னோட்டத்திலும் மின்னஞ்சலிலும் இல்லை

பகிர்வுப் படத்துக்கு எஸ்விஜி செல்லாது. 1200×630 பிக்சல் ஜேபெக் அல்லது பிஎன்ஜி, எடை 300 கேபிக்குள், முகவரி எச்டிடிபிஎஸ் தொடங்கி முழுமையாக. திருத்திய பிறகும் பழையதே வந்தால் ஃபேஸ்புக்குக்கு ஷேரிங் டீபக்கரில் மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்புக்குப் படத்தின் கோப்புப் பெயரை மாற்றுவது எளிது.

ஜிமெயில் எஸ்விஜியைக் காட்டாது. விண்டோஸில் நிறுவிய பழைய அவுட்லுக் வெப்பியைக் காட்டாது. கையொப்பத்திலும் செய்திமடலிலும் பிஎன்ஜி அல்லது ஜேபெக் மட்டும் வையுங்கள். காட்டும் அளவைப்போல் இரண்டு மடங்கு பெரிய படம் எடுத்து, அகலத்தைக் குறிக்குள்ளேயே எழுதுங்கள். அப்படியும் அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் படம் வரவில்லை, வெளியில் உள்ளவர்களுக்கு வருகிறது என்றால், அஞ்சல் வழங்கியின் வடிகட்டி வெளிப்படங்களைத் தடுக்கிறதா என்று அங்குள்ள கணினி நிர்வாகியிடம் கேளுங்கள்.